மேஜரைப் பெற்ற கிளட்ச் மாஸ்டர்

கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதல் நாளே இரண்டு விஷயங்கள் தெரிந்துவிடும். ஒன்று, கிளட்ச் எந்தக் காலுக்கு என்பது. இன்னொன்று, மாஸ்டரின் மகள் ராணுவத்தில் மேஜர் என்பது. பெரும்பாலும் இரண்டாவதுதான் முதலில் தெரியவரும்.

அவருடைய டிரைவிங் ஸ்கூல் ஒரு செருப்புக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்தது. ஒரு மேஜை, மூன்று நாற்காலிகள், சாலைக் குறியீடுகள் அச்சடித்த பெரிய அட்டை ஒன்று. அட்டை தொங்கிய ஆணியில் இப்போது சீருடையில் மகளின் படம். அட்டை பாவம், கீழே இறங்கிச் சுவரோரமாகச் சாய்ந்துவிட்டது. எந்தக் குறியீட்டுக்கு என்ன அர்த்தம் என்று தெரிய வேண்டுமானால் குந்தி உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும்.

மேஜையில் உட்கார்ந்து ஆள் சேர்ப்பது அவர் மனைவி. வண்டியில் உட்கார்ந்து கத்துவது அவர். "கிளட்ச்! கிளட்ச்! காலை எடுக்காதீங்க! ஐயோ எடுத்துட்டீங்களே!" என்ற அந்தக் குரல் இரண்டு தெரு தாண்டியும் கேட்கும். கிளட்ச் மாஸ்டர் என்று அவருக்குப் பெயர் வைத்தது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரரே கொஞ்சம் யோசிப்பார்.

ஸ்டியரிங்கைப் பிடித்தவர் எங்கே ஓடிப்போக முடியும்? இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருக்கும், கண் சாலையில் இருக்கும், காது மட்டும்தான் காலி. அந்தக் காதில் மாஸ்டர் ஊற்றிக்கொண்டே வருவார்.

"என் பொண்ணு இந்நேரம் மலையுச்சியில நிப்பா. எட்டிப் பாத்தா அதலபாதாளம். அவ ஒரு வார்த்தை சொன்னா அத்தனை பேரும் விறைப்பா நிப்பாங்க. நீங்க ஒரு மாட்டுக்கு இப்படி நடுங்குறீங்களே!"

இந்தப் பேச்சுக்கு அதிகமாகக் காது கொடுத்தவர் மருந்துக்கடை அம்மா. ஐம்பதை நெருங்குகிறவர். முன்னால் போவதில் குறையில்லை. பின்னால் எடுக்கச் சொன்னால் மட்டும் கற்றதெல்லாம் மறந்துபோகும். ரிவர்ஸில் இரண்டு முறை லைசென்ஸ் தேர்வில் கோட்டை விட்டவர். மாஸ்டர் கத்தக் கத்த வண்டி வலது பக்கம் போக வேண்டியது இடது பக்கம் போகும். ஒருநாள் அந்த அம்மாவே கேட்டுவிட்டார்.

"உங்க பொண்ணு அங்க என்ன வேலை பாக்குறா மாஸ்டர்?"

மாஸ்டருக்கு அது சரியாகத் தெரியாது. மகள் போனில் சொன்ன ஒரே வார்த்தை அவருக்கு நினைவிருந்தது. சப்ளை.

"சப்ளை," என்றார்.

"என்ன சப்ளை?"

"ராணுவத்துல வேற என்ன சப்ளை பண்ணுவாங்க? குண்டுதான். பீரங்கிக் குண்டு."

அது அப்படியே வளர்ந்தது. ஒரு மாதத்தில் மகள் பீரங்கிக்குப் பக்கத்தில் நிற்க ஆரம்பித்தாள். இன்னும் கொஞ்ச நாளில் பீரங்கியே அவளைக் கேட்காமல் வெடிப்பதில்லை என்றானது. மேஜையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மனைவி தலை நிமிராமலே சொல்வார்: "ஏங்க, கொஞ்சம் பாத்துச் சுடச் சொல்லுங்க. நாலு வீடு தள்ளிக் குழந்தை தூங்குது."

மகள் விடுமுறையில் வந்தாள். வந்த மறுநாள் காலை, சாதாரண சுடிதாரும் தேய்ந்த செருப்புமாக அம்மாவோடு டிரைவிங் ஸ்கூலுக்கு வந்து உட்கார்ந்தாள். சுவரில் மாட்டியிருந்த தன் படத்தைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மருந்துக்கடை அம்மா அன்றைக்குப் பார்த்து அரை மணி முன்னதாகவே வந்துவிட்டார்.

"ஏம்மா, நீதான் அந்த மேஜரா? பீரங்கி சத்தத்துல காது வலிக்காதா?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா சாவிக் கொத்தில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார். அதில் இருந்ததே இரண்டு சாவிதான்.

"பீரங்கி வேற ஆளுங்கக்கா. நான் உருளைக்கிழங்கு."

"என்னது?"

"உருளைக்கிழங்கு, அரிசி, மண்ணெண்ணெய், கம்பளி, கூடாரம். மேல இருக்கிறவங்களுக்கு எது வேணுமோ அது போய்ச் சேரணும். லாரியில பாதி தூரம் போகும். அதுக்கு மேல கோவேறு கழுதை."

மருந்துக்கடை அம்மா மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார். மாஸ்டரின் காது மடல் சிவந்திருந்தது. "கழுதையையும் இவதான் பாத்துக்குறா," என்று முனகினார், கழுதையையாவது விட்டுவிடக் கூடாது என்பதுபோல.

"அப்ப உனக்குக் கார் ஓட்டக் கத்துக்கொடுத்தது அப்பாதானே?" மருந்துக்கடை அம்மா விடுவதாயில்லை.

இதற்கு மனைவி சிரித்துவிட்டார். "கத்துக்கொடுத்தாரு, கத்துக்கொடுத்தாரு! காலேஜ் படிக்கிறப்ப கூட்டிட்டுப் போனாரு. இவர் கத்தின கத்துல இவ நடுரோட்டுல வண்டிய நிறுத்தி, சாவிய உருவி இவர் கையில வச்சுட்டு நடந்தே வீட்டுக்கு வந்துட்டா. பின்னால இருந்த பஸ்காரன் இவரைத் திட்டின திட்டு இருக்கே!"

"பழசெல்லாம் இப்ப எதுக்கு?" என்றார் மாஸ்டர். "வாங்கம்மா, கிளாஸுக்கு நேரமாச்சு. நீயும் வாம்மா, சும்மா ஒரு சுத்து."

மானம் போன பிறகு அதைத் தேடிக் கொஞ்ச தூரமாவது போய்ப் பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மருந்துக்கடை அம்மா ஸ்டியரிங்கில், மாஸ்டர் பக்கத்தில், மகள் பின்னிருக்கையில். மாஸ்டரின் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. வண்டியை உண்மையில் ஓட்டுவது எப்போதும் அவர்தான்.

காய்கறிச் சந்தைக்குப் பின்னால் போகும் தெருவில் திரும்பியதும் வண்டி நின்றது. எதிரே ஒரு லாரியும் ஒரு பள்ளிக்கூட பஸ்ஸும் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. லாரிக்குப் பின்னால் இவர்கள், இவர்களுக்குப் பின்னால் ஆட்டோக்கள், தள்ளுவண்டிகள், ஒரு தண்ணீர் டேங்கர். பஸ்ஸுக்குப் பின்னாலும் அதே கதை. லாரி டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுக் கதவில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "நான் எதுக்குப் பின்னால போகணும்?" என்பது அவர் கட்சி. பஸ் டிரைவருக்கும் அதே கட்சி. பஸ்ஸுக்குள் பிள்ளைகள் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாஸ்டர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினார். ஹாரனை அழுத்தினார். மறுபடி கத்தினார். அதைக் கேட்டுப் பின்னால் இருந்தவர்களும் கத்தினார்கள். தெருவே ஒரு கச்சேரியானது.

மகள் கதவைத் திறந்து இறங்கினாள். யாரிடமும் எதுவும் கேட்காமல் வரிசையின் கடைசிவரை நடந்து பார்த்துவிட்டு வந்தாள். லாரி டிரைவர் பக்கத்தில் போய் நின்று ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று மாஸ்டருக்குக் கேட்கவில்லை. அதுதான் அவருக்கு அதிசயமாக இருந்தது, பேசுகிறாள், ஆனால் கேட்கவில்லை. லாரி டிரைவர் பேப்பரை மடித்தார். பஸ்ஸிடம் போனாள். பஸ் டிரைவர் தலையாட்டினார். பிறகு கடைசியில் நின்ற தண்ணீர் டேங்கரை முதலில் பின்னால் எடுக்க வைத்தாள், அப்புறம் தள்ளுவண்டிகள், அப்புறம் ஆட்டோக்கள். ஒவ்வொருவரிடமும் போனாள். ஒருவரிடமும் குரல் உயர்த்தவில்லை.

இனி லாரி பின்னால் வர வேண்டுமானால் நடுவில் நிற்கும் டிரைவிங் ஸ்கூல் வண்டி ஒதுங்க வேண்டும். ரிவர்ஸில். ஒரு கம்பத்துக்கும் சாக்கடைக்கும் நடுவே.

மருந்துக்கடை அம்மா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். "நீங்களே எடுத்துருங்க மாஸ்டர்."

"நீங்கதான் எடுக்கணும்! கிளட்சை மிதிங்க! மொதல்ல கிளட்ச்!"

மகள் அப்பாவின் பக்கத்து ஜன்னலில் குனிந்தாள்.

"அப்பா, நீங்க கொஞ்சம் எறங்குங்க."

"நானா?"

"ஆமாப்பா. அந்த முனையில போய் நில்லுங்க. பக்கத்துத் தெருவுல இருந்து ஒரு வண்டியும் உள்ள வரக் கூடாது. உங்களாலதான் முடியும்."

முப்பது வருஷத்தில் அந்த வண்டியிலிருந்து அவரை இறக்கிவிட்டவர் எவரும் இல்லை. வாயைத் திறந்தார். மகள் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள், கோபமில்லை, அவசரமில்லை. மாஸ்டர் வாயை மூடிக்கொண்டு இறங்கினார். முனைக்குப் போய் இரண்டு கையையும் அகல விரித்து நின்றார்.

அங்கிருந்து பார்த்தார். மகள் ஜன்னலோரமாகவே நடந்து வந்தாள். "மெதுவாக்கா. இன்னும் கொஞ்சம். நிறுத்துங்க. மூச்சு விட்டுக்குங்க. இப்ப ஸ்டியரிங் எம்பக்கம்." வண்டி நத்தை போல நகர்ந்தது. கம்பத்தைத் தொடவில்லை. சாக்கடையில் இறங்கவில்லை. இரண்டு தேர்வில் தவறவிட்ட ரிவர்ஸை மருந்துக்கடை அம்மா ஒரு சந்தில், அத்தனை பேர் வேடிக்கை பார்க்க, எடுத்து முடித்தார். ஆட்டோக்காரர்கள் கைதட்டினார்கள். லாரி பின்னால் வந்தது, பஸ் புறப்பட்டது, பிள்ளைகள் ஜன்னல் வழியாகக் கையசைத்துக்கொண்டே போனார்கள்.

தெரு காலியான பிறகும் மாஸ்டர் முனையில் கை விரித்தபடியே நின்றிருந்தார். ஒரு சைக்கிள்காரர் அவர் கைக்குக் கீழே குனிந்து புகுந்து போனார்.

"என்னப்பா, இன்னும் நிக்கிறீங்க?"

"நீ போகச் சொல்லலையே," என்றார் மாஸ்டர்.

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் கையை இன்னும் இறக்கவில்லை. மகளின் பேச்சுக்கு நூறு பேர் கட்டுப்படுவார்கள் என்று இத்தனை நாள் சொல்லித் திரிந்தவருக்கு, அது எப்படி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த நூறில் தானும் ஒருவராகிவிட்டதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

சாயங்காலம் வீட்டில் மூவரும் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அவரே பேச்சை எடுத்தார்.

"ஏம்மா, இப்படி மெதுவாப் பேச எங்க கத்துக்கிட்ட? அங்கயுமா கத்த மாட்டாங்க?"

"பயிற்சியிலயா? விடிஞ்சா அடைஞ்சா கத்தல்தான். காதுக்குள்ள வாயை வச்சுக் கத்துவாங்க. வந்த புதுசுல கூட இருந்த பொண்ணுங்க எல்லாம் போர்வைக்குள்ள அழுவாங்க."

"நீ?"

"நான் நல்லாத் தூங்குனேன். எனக்கு அது வீடு மாதிரி இருந்துச்சு." மகள் டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாள், "ஒருதடவை எங்க பயிற்சியாளர் பத்து நிமிஷம் மூச்சு விடாம கத்திட்டு, உனக்குப் பயமே இல்லையான்னு கேட்டாரு. எங்கப்பாவைப் பாத்திருக்கீங்களா சார்னேன்."

மனைவிக்குச் சிரிப்பில் டீ புரையேறியது. மாஸ்டர் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவர் என்ன சொன்னாரு?"

"யாருன்னு கேட்டாரு. டிரைவிங் மாஸ்டர்னேன். ஓஹோன்னுட்டுப் போயிட்டாரு."

அந்த ஓஹோ போதுமானதாக இருந்தது. விடுமுறை முடிந்து மகள் போன மறுநாள் முதல் ஸ்டியரிங் பிடித்தவர்கள் காதில் புதுக் கதை விழத் தொடங்கியது. ராணுவத்தின் பயிற்சியாளரே ஒரு பெண்ணைப் பயமுறுத்த முடியாமல் தோற்றுப்போய், இவளைத் தயார் பண்ணியது யார் என்று விசாரித்த கதை. விசாரித்தவரின் பதவி வாரத்துக்கு ஒரு படி ஏறிக்கொண்டிருந்தது. மருந்துக்கடை அம்மா அடுத்த தேர்விலேயே லைசென்ஸ் வாங்கிவிட்டதால் அந்தக் கதையை முழுதாகக் கேட்கும் பாக்கியம் அவருக்குக் கிட்டவில்லை.

"எங்கப்பாவைப் பாத்திருக்கீங்களான்னு அவ கேட்டது உங்களைப் புகழ்ந்ததுன்னா நினைக்கிறீங்க?" என்று மனைவி கேட்டார்.

"பின்ன?"

"குத்திக் காட்டுனதுங்க."

இரண்டு பேரும் ஒத்துப்போகவில்லை. கடைசியில் ஞாயிற்றுக்கிழமை போன் வந்தபோது மாஸ்டரே நேராகக் கேட்டுவிட்டார். மகள் யோசிக்கவே இல்லை.

"ரெண்டும்தான்ப்பா," என்றாள்.

மாஸ்டர் போனைக் கையால் பொத்திக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார். "பாத்தியா, நான் சொன்னதுதான்னு சொல்றா," என்றார்.