ஹாரன் அடித்தால் மல்லி

வெள்ளிக்கிழமை காலை எட்டேமுக்கால் ஆனதும் தங்கையா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு எழுந்து, டெலிபோன் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டுக் கம்ப்யூட்டர் ஒயரை அங்கே செருகுவார். தெங்கேராவில் இருக்கும் அவருடைய பூக்கடைக்கு ஒரே ஒரு லைன்தான். கம்ப்யூட்டர் பேசினால் டெலிபோன் ஊமை. வெள்ளிக்கிழமையும் அதுவுமாகக் கடைப் போனை அடைத்து வைக்கிற பூ வியாபாரியை மலாக்கா முழுக்கத் தேடினாலும் நீங்கள் பார்க்க முடியாது.

“என்னங்க தங்கையா, எத்தன தடவ அடிக்கிறது? எங்கேஜ், எங்கேஜ்! கடைய மூடிட்டு எங்கயோ போயிட்டீங்கன்னு நெனச்சேன்” என்று வாசலிலேயே ஆரம்பிப்பேன். தஞ்சோங் கிளிங்கிலிருந்து பஸ் ஏறி வருகிறவளுக்குக் கோபம் வராதா?

“டீச்சர் எப்படியும் வந்துருவீங்க லா” என்பார். என்னுடைய இரண்டு முழம் மல்லி ஏற்கெனவே வாழையிலையில் மடித்து ஓரமாக இருக்கும். அதோடு என் கோபம் போய்விடும்.

ஐம்பத்து நான்கு வயது. ஒல்லி. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர். சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் டெக்னீஷியனாக இருந்தவர். பூக்கட்டும்போதும் அந்தப் புத்தி போகாது. நான்கு பூ, ஒரு முடிச்சு, நான்கு பூ, ஒரு முடிச்சு. ஒரு இடத்தில்கூடக் கணக்குத் தவறாது. ஆனால் கோமளா கட்டினால் இருக்கிற அழகு இருக்காது, சொன்னால் அவரே ஒத்துக்கொள்வார்.

கோமளா அவர் மனைவி. கடை அவளுடையது. தொண்ணூற்றேழில் அவள் திடீரென்று இறந்துபோனதும் ஆலை வேலையை விட்டுவிட்டு இவர் கடையில் வந்து உட்கார்ந்தார். “பூட்டிப் போட மனசு வரல டீச்சர்” என்றார், அவ்வளவுதான்.

கோமளா இருந்த காலத்தில் வெள்ளிக்கிழமை காலையில் அந்தக் கடையைப் பார்த்திருக்க வேண்டும். தோட்டத்து ஆட்கள் வேலைக்குப் போகிற வழியில் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கக்கூட மாட்டார்கள். ஹாரன் மட்டும் அடிப்பார்கள். சத்தத்தை வைத்தே யாரென்று கோமளாவுக்குத் தெரியும். இரண்டு குட்டி ஹாரன் என்றால் மருதமுத்து, நான்கு முழம் கதம்பம். தொண்டை கட்டின மாதிரி நீளமாக ஒன்று வந்தால் மாயாண்டி, ஒரு முழம் மல்லியும் நான்கு ரோஜாவும். பொட்டலத்தை நீட்டுவாள், வண்டி போய்விடும். பேச்சே கிடையாது.

அதைத்தான் தங்கையா கம்ப்யூட்டரில் செய்து வைத்தார். இங்கே பிறந்து வெளியூர் வெளிநாடு என்று போன பிள்ளைகள், மலாக்காவில் மாட்டியிருக்கும் அம்மா அப்பா படத்துக்கு இன்டர்நெட்டில் பூச் சொல்லலாம். முதல் தடவை மட்டும் ஒரு ஃபாரம் நிரப்ப வேண்டும். யார் படத்துக்கு, என்ன பூ, எத்தனை முழம், எத்தனை மணிக்குள், வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா. அதற்குப் பிறகு ஒரே ஒரு பட்டன், ஒரே அமுக்கு. அதன் மேல் ‘வழக்கம்போல’ என்று எழுதியிருக்கும். தமிழ் எழுத்து எல்லார் கம்ப்யூட்டரிலும் தெரியாது என்பதால் அந்தச் சொல்லைக் காகிதத்தில் எழுதிப் படமாகப் பிடித்து ஒட்டியிருந்தார். எழுத்து கொஞ்சம் கோணல்.

“இது நான் கண்டுபிடிச்சதில்ல டீச்சர். கோமளா கண்டுபிடிச்சது. ஹாரன் அடிச்சா மல்லி” என்பார்.

பதினான்கு பேர் அந்தப் பட்டனை அமுக்கி வந்தார்கள். அதில் ஒருத்தி பெர்த்தில் இருக்கிற தாரணி, அவருடைய ஒரே மகள். அவள் சொல்லும் இரண்டு முழம் மல்லி இந்தக் கடைக்குள்ளேயே, கல்லாவுக்கு மேலே இருக்கும் கோமளாவின் படத்துக்கு.

கோமளாவின் உடலை எடுத்ததும் ஒரு வெள்ளிக்கிழமைதான். பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் நெருக்கினார்கள். மகளின் விமானம் தாமதம். கொஞ்சம் பொறுங்கள் என்று இவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பத்தே கால் மணிக்கு எடுத்துவிட்டார்கள். தாரணி பன்னிரண்டு மணிக்கு வந்து, கழுவிவிட்ட ஈரத் தரையைப் பார்த்தாள். மூன்றாம் நாள் திரும்பிப் போனவள் அப்பாவோடு பேசவில்லை. ஆறு மாதம் இவர் போட்ட போனை அவள் எடுக்கவில்லை. அப்புறம் பயந்துபோய் இவரும் போடவில்லை.

முதல் வருட திவச அழைப்பில், கீழே சின்ன எழுத்தில் கடையின் இன்டர்நெட் விலாசத்தை அச்சடித்து அவளுக்கும் அனுப்பினார். அடுத்த வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆர்டர் வந்தது. ஒரு வார்த்தை இல்லை. அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் பத்து மணிக்கு ‘வழக்கம்போல’. “அமுக்கிட்டா டீச்சர்” என்று திரும்புவார் பாருங்கள், அந்த முகத்துக்காகவே நான் ஒன்பது மணி பஸ்ஸைப் பிடிப்பேன்.

போன மாதம் வந்தது அந்தக் கடிதம். ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் வக்கீல் எழுதியது. வாங்குகிறவரின் விவரத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு ஒரே அமுக்கில் ஆர்டர் எடுக்கிற யோசனைக்கு அந்தக் கம்பெனி காப்புரிமை வாங்கியிருக்கிறதாம். ஏழு நாளில் பட்டனை எடுக்க வேண்டுமாம். தெங்கேரா பூக்கடை அவர்கள் கண்ணில் எப்படிப் பட்டது என்பது அந்த முருகனுக்குத்தான் வெளிச்சம்.

வக்கீல் ஷாந்தினி என்னிடம் படித்த பெண். அவளைக் கடைக்கே வரவழைத்தேன்.

“அங்கிள், இந்த பேட்டன்ட் நம்ம நாட்டுல செல்லுமான்னே எனக்கு டவுட்தான். ஆனா உங்க பேஜ வச்சிருக்கிற கம்பெனி அமெரிக்காவுல இருக்கு. லெட்டரப் பார்த்தாலே பயந்து மொத்தமா தூக்கிடுவான். கேஸ் போட்டு ஜெயிக்கிறதுக்குள்ள வருஷம் ஓடிடும்” என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மூளையைக் கசக்கிப் புதிதாக ஒன்றைச் செய்தவனுக்கு உரிமை கொடுங்கள், யார் வேண்டாம் என்றது? தினமும் வருகிற ஆளுக்குத் தினமும் வாங்குவதை எடுத்துக் கொடுப்பது ஒரு கண்டுபிடிப்பா? சந்தையில் காய் விற்கிறவன்கூடச் செய்கிறான். அதையே கம்ப்யூட்டரில் செய்தால் உடனே ஒருத்தருக்குச் சொந்தமாகிவிடுமா? “மருதமுத்து ஹாரனுக்கும் லெட்டர் வருமா?” என்று ஷாந்தினியிடம் பாய்ந்தேன். பாவம், அவள் என்ன செய்வாள்!

தங்கையாவுக்குக் கோபமே வரவில்லை. “அவங்களுக்கும் தோணியிருக்கும் டீச்சர். இது யாருக்கும் தோணும். எல்லாருக்கும் தோணுறதுக்கு ஒருத்தர் வேலி போட்டுட்டா மத்தவங்க எங்கிட்டு நடக்கிறது?” என்றார்.

“ஒரு வழி இருக்கு அங்கிள். ஒரு அமுக்குதான அவங்களோடது? அமுக்கினதும் ‘நிச்சயமா?’ன்னு ஒரு கேள்வி வைங்க. ரெண்டாவது தடவ அமுக்கட்டும். அப்ப அவங்களால ஒன்னும் பண்ண முடியாது.”

தங்கையா படத்தை நிமிர்ந்து பார்த்தார். “பிளான்ட்டுல வால்வ மூடுறப்ப மெஷின் அப்படித்தான் ரெண்டு தடவ கேக்கும். தப்பு நடந்தா வெடிச்சிரும், அதனால. செத்த அம்மாவுக்குப் பூக் கேக்கிற புள்ளைகிட்ட நிச்சயமான்னு எப்படிம்மா கேக்குறது? அதுவும் நான்?”

ஏழாம் நாள் வியாழக்கிழமை. பட்டனை அவரே எடுத்தார். எல்லாரும் இனி ஒவ்வொரு தடவையும் முழு ஃபாரத்தையும் நிரப்ப வேண்டும்.

மறுநாள் காலையில் நான் போனபோது ஒயரை மாற்றிச் செருகி உட்கார்ந்திருந்தார். பத்து மணிக்கு ஒன்றும் வரவில்லை. பத்தே கால். அவர் கை மட்டும் நான்கு பூ, ஒரு முடிச்சு என்று போய்க்கொண்டிருந்தது. சிங்கப்பூரிலிருந்து ஒன்று வந்தது, ஜோகூரிலிருந்து ஒன்று. ஆர்டர் வந்தால் கம்ப்யூட்டர் போடும் ஒவ்வொரு சத்தத்துக்கும் மனிதர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார், பார்த்துவிட்டு உட்காருவார். ராகு காலம் பிறந்தது. டீ வாங்கி வரட்டுமா என்றேன், வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

“பட்டன்னா சும்மா அமுக்கிருவா. உக்காந்து எழுதணும்னா யோசிப்பால்ல டீச்சர்?”

எனக்குத் தாரணிமேலும் கோபம், அந்தக் கம்பெனிமேலும் கோபம், பத்தே கால் மணிக்கு வாய் திறக்காத இவர்மேலும் கோபம். எத்தனை ஏக்கத்தை அந்தக் கோணல் எழுத்துப் பட்டனில் கட்டி வைத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. பன்னிரண்டுக்குப் பஸ் இருந்தது. நான் போகவில்லை.

பன்னிரண்டு ஐந்துக்குச் சத்தம் கேட்டது. எழுந்து பார்த்தவர் அப்படியே நின்றார். நானும் போய்ப் பின்னால் நின்று படித்தேன். பெயர், தாரணி. யார் படத்துக்கு, அம்மா. மல்லி, இரண்டு முழம். எத்தனை மணிக்குள் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்கிற, ஒன்றரை வருடமாகக் காலியாகவே இருந்த கடைசிக் கட்டத்தில், ஆங்கில எழுத்தில் தமிழ் இருந்தது.

“அப்பா, பட்டனக் காணோம். என்ன ஆச்சு? நல்லா இருக்கீங்களா?”

மூன்று முறை படித்தார். “பதில் போடுங்க” என்று நான் அவர் தோளைத் தள்ளினேன். ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். “நல்லா இருக்கேம்மா. இனிமே போன் லைன் காலியா இருக்கும்.”

அனுப்பிவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு குனிந்து, கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கி டெலிபோன் ஒயரைச் செருகினார். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, லைன் வருகிறதா என்று கேட்டுவிட்டு, சத்தமில்லாமல் திரும்ப வைத்தார்.