எறா ஐஸும் ஒரு கிராபிக்ஸ் கார்டும்

நேற்று புது கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கி மாட்டினேன். வேகத்தைக் கூட்டும் பட்டையை மவுஸால் பிடித்து இழுத்தால், கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது. அதற்கு மேல் போகாதபடி கார்டு செய்த நிறுவனமே பூட்டு போட்டிருக்கிறதாம். நான் காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு நீ யாரப்பா பூட்டு போட? வயிறு எரிகிறது. அட்டைப் பெட்டியை மோந்து பார்த்தேன், வெறும் பிளாஸ்டிக் வாடை. கிராபிக்ஸ் கார்டு என்றால் எனக்கு எறா வாடை, அதாவது இறால் வாடை வர வேண்டும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

பொன்னேரி கல்லூரியில் என்னோடு படித்த தேசப்பனுக்கு ஊர், ஏரிக்கரையில் இருக்கும் தோணிரேவு. இன்னும் கட்டாத வீட்டைக் கம்ப்யூட்டரில் கட்டி, உள்ளே சுற்றிக் காட்டும் படம் செய்வதில் கில்லாடி. சென்னையில் ஒரு நிறுவனம், வீட்டிலிருந்தே அந்த வேலையைச் செய்ய ஆள் தேடியது. ஒரு பங்களாவின் படத்தை ஒரே நாளில் முடித்து அனுப்ப வேண்டும், அதுதான் பரீட்சை. கிடைத்தால் நாளெல்லாம் ஏரியில் குனிந்து கையால் எறா தடவிப் பிடிக்க வேண்டாம், ஊரை விட்டும் போக வேண்டாம். அவனுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். ஆனால் அவர்கள் கேட்டது உசத்தி கார்டு. இவனிடம் இருந்தது அதற்கு ஒரு படி கீழே.

அயோக்கியத்தனம் இங்கேதான். இரண்டுக்குள்ளும் இருப்பது ஒரே சிப். ஒன்றை வேண்டுமென்றே மெதுவாக ஓடவிட்டு வேறு பெயரில் விற்கிறார்கள். மீன் கடையில் யாராவது இப்படிச் செய்தால் சட்டையைப் பிடிக்க மாட்டோமா?

பரீட்சை அன்று நானும் அவன் வீட்டில் இருந்தேன். தேசப்பன் தன் கார்டின் வேகத்தை ஏற்றினான். திரையில் பச்சைப் புள்ளிகளாகக் கொட்டி, கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. சூடு. சித்திரை வெயிலில் ஷீட் போட்ட வீடு வேறு. மேதாவியான நான், ஈரத்துணி போர்த்தலாமா என்று கேட்டேன். பேசாமல் உட்காரச் சொன்னான். பிறகு எறா ஐஸ் பெட்டியை இழுத்து வந்து, ஐஸைத் தொட்ட காற்று கார்டுக்குப் போகிற மாதிரி விசிறியைத் திருப்பி வைத்தான். வீடெல்லாம் எறா வாடை. எறாக் கூடையோடு வந்த அவன் அப்பா, அவனுக்கு நைனா, வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாடா, எறாவ வெயில்ல வுட்டுட்டு பொட்டிக்கு ஐஸு வெக்கிற?"

"இன்னிக்கு ஒரு நாள் நைனா."

அவர் வைதுகொண்டே போய், எறாவைக் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வந்தார். ஐஸ் கரையக் கரைய வாங்கி வந்து கொட்டியதும் அவர்தான். கார்டு படுக்காமல் தாக்குப்பிடித்தது. வேகத்தை அளந்து பார்த்தால் உசத்தி கார்டுக்கு உண்டான எண் அப்படியே வந்தது. படமும் சொன்ன நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தது.

நிறுவனத்திலிருந்து போன் வந்தது. வேலை பிரமாதம் என்றார்கள். எந்த கார்டு என்று கேட்டார்கள். இந்த மகராசன் நடந்ததையெல்லாம் பெருமையாகச் சொன்னான். ஏற்றிவிட்ட கார்டை நம்ப முடியாது, அசல் உசத்தி கார்டு வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி போனை வைத்துவிட்டார்கள். முடித்துக் கொடுத்த வேலை கண்ணெதிரே கிடக்கிறது, பிரமாதம் என்ற அதே வாய் இதையும் சொல்கிறது! ஒரு பொய் சொல்லித் தொலைத்தால் என்ன என்று நான் இவனைத்தான் திட்டினேன். இன்றும் நினைத்தால் காது சூடாகிறது.

தேசப்பன் இப்போது ஏரியில் எறா தடவுகிறான். இன்று காலை போனில், புது கார்டு வாங்கியதைச் சொன்னேன். குரலில் அத்தனை ஆசை.

"எவ்ளோ ஏத்துன? உசத்திய புட்ச்சிட்டியா?"

இனி யாருமே பிடிக்க முடியாதபடி பூட்டிவிட்டார்கள் என்று இவனிடம் எந்த வாயால் சொல்வேன்? இன்னும் ஏற்றிப் பார்க்கவில்லை என்றேன்.

"ஐஸு வேணும்னா சொல்லுடா" என்றான். "நைனாகிட்ட சொல்லி வெக்கிறேன்."