காது மெஷினுக்கு ஒரு மல்லிகை

பொலிமர் கிளே மண் இல்லை. பிளாஸ்ரிக். பிசைந்து, உருவம் செய்து, சின்ன மின்சார ஓவனில் சுட்டால் இறுகும். அதை மறைத்து இயற்கை நகை என்று விற்கிறவர்களோடு எனக்குக் கதை இல்லை. நெல்லியடியில் என் வீட்டு முன்னறையில் பல வருடங்களாக இந்த வேலை செய்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் கேட்டதால் எழுதுகிறேன்.

1. நுங்கும் மெழுகுதிரியும்

என்னிடம் அதிகம் ஓடுவது டிரான்ஸ்லூசென்ற் கிளே. கண்ணாடி மாதிரித் தெளிவும் இல்லை, சுண்ணாம்பு மாதிரி அடைப்பும் இல்லை. வெளிச்சம் உள்ளே போய் நிற்கும். நுங்குத் தோடு செய்தேன். சிரித்தவர்களே பிறகு வாங்கினார்கள். மாதுளை முத்து, கடல் தேய்த்த கண்ணாடித் துண்டு, பச்சைக்கல் எல்லாம் இதில் வரும். நிறம் ஊசிமுனை அளவு போதும். ஈரக் கையால் பிசைந்தால் சுட்ட பிறகு உள்ளே பிறை பிறையாக வெள்ளை விழும். மேலே அலுமினியத் தாள் மூடாவிட்டால் பழுப்பாகும். சூட்டோடு ஐஸ் தண்ணீரில் போட்டால் தெளிவு கூடும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், மெல்லியதாகத் தட்டுவது. தடித்தால் மெழுகுதிரிதான். இதை எங்கள் சனத்துக்குப் புரியவைப்பது பெரும்பாடு. நகையை வாங்கியதும் கையில் வைத்துத் தூக்கிப் பார்ப்பார்கள். பாரம் இல்லாவிட்டால் முகம் சுருங்கும். பவுணுக்குப் பழகிய கை.

2. இரண்டு பூ

ஒரு நாள் பருத்தித்துறையில் இருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகள் ஷாமினிக்குக் கலியாணம், தேவாலயத்தில். அவளுக்கு இடது காது அறவே கேட்காது, வலது காதும் மந்தம். வலது காதின் பின்னால் கேட்பதற்கு மெஷின் போட்டிருந்தாள். கொண்டையை உயர்த்திக் கட்டி மணமகளின் நெற் முக்காடு போடும்போது அது வெளியில் தெரியும். அதுதான் தாயின் கவலை.

"மாப்பிளைக்குத் தெரியும் அக்கா. அவரின்ரை சனத்துக்குத் தெரியாது. கண்டால் கதை கட்டுவினம். மல்லிகைப் பூவாலை மூடிவிடுங்கோ. நல்ல தடிப்பாய், மொத்தமாய்ச் செய்யுங்கோ. கையிலை எடுத்தால் பாரமாய் இருக்க வேணும்."

"மொத்தமாய்ச் செய்தால் மெழுகு மாதிரி இருக்கும். மெஷினும் ஒழுங்காய் வேலை செய்யாது" என்றேன்.

"நீங்கள் செய்யுங்கோவன்."

நான் இரண்டு செய்தேன். ஒன்று தாய் கேட்ட மாதிரி, மெஷின் முழுவதையும் மூடும் கொத்து. மற்றது என் எண்ணப்படி: ஒரே ஒரு மல்லிகை, வெங்காயச் சருகு அளவு மெல்லிய இதழ். மெஷினில் இருந்து காதுக்குள் போகும் குழாயில் ஒரு சின்ன றப்பர் வளையத்தால் அது நிற்கும். மெஷினின் மேலே சத்தம் வாங்கும் ஓட்டைகள் இருக்கின்றன. பூ அவற்றைத் தொடாது.

போட்டுப் பார்க்க வந்தார்கள். முதலில் தாயின் கொத்து. போட்ட உடனே மெஷின் கீயென்று விசிலடித்தது. ஷாமினி கண்ணை இறுக மூடினாள். மெஷினின் சத்தத்தைக் குறைத்தாள். விசில் நின்றது. நான் அவளுக்குப் பின்னால் போய் நின்று கேட்டேன்.

"பிள்ளை, மத்தியானம் என்ன சாப்பிட்டனீர்?"

அவள் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். திரும்பவே இல்லை.

தாய் என் கையைப் பிடித்தாள். "பறவாயில்லை அக்கா. ஒரு அரை மணித்தியாலம் தானே. போதகர் கேக்கேக்கை நான் பக்கத்திலை நிண்டு கிள்ளுறன். அவள் ஓம் எண்டு சொல்லட்டும்."

எனக்கு வந்த கோபத்தில் கொத்தை நானே கழற்றினேன். "உம்மடை அம்மா உம்மைக் கிள்ளிக் கலியாணம் கட்டிவைக்கப் போறாவாம்" என்று, என் வாய் தெரியும்படி பிள்ளையின் முகத்துக்கு நேரே சொன்னேன்.

அவள் தாயைப் பார்த்தாள். "என்ரை கலியாணத்திலை எல்லாருக்கும் கேக்கும். எனக்கு மட்டும் கேக்காதோ அம்மா?"

நான் மற்றப் பூவை மாட்டினேன். அவள் மெஷினின் சத்தத்தைப் பழையபடி கூட்டினாள். விசில் இல்லை. பின்னால் போய் அதே கேள்வியைக் கேட்டேன்.

"புட்டும் மீன் குழம்பும். அன்ரி, உங்களுக்குப் பசிக்குதே?"

"உள்ளுக்கை இருக்கிற மெஷின் எல்லாம் தெரியுதே அக்கா" என்றாள் தாய்.

"தெரியத்தான் செய்யும். மூடுறதுக்கு இந்தக் கிளே சரிவராது."

ஷாமினி கண்ணாடியில் தலையைச் சரித்துச் சரித்துப் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சம் இதழுக்குள் இறங்கி, சாம்பல் நிற மெஷின் பூவின் காம்பு மாதிரிக் கிடந்தது. "மற்றக் காதுக்கும் இப்பிடி ஒண்டு செய்யுங்கோ அன்ரி. சோடியாய் இருக்கட்டும்" என்றாள்.

3. தேவாலயத்தில்

எனக்கும் அழைப்பு வந்தது. பின் வரிசை வாங்குப் பலகையில் இருந்தேன். ஒலிபெருக்கி இரைந்ததால் போதகர் அதை நிற்பாட்டிவிட்டார். மெல்லிய குரல் அவருக்கு. புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்து வாசித்தார். எனக்கே பாதி கேட்கவில்லை. வாயைப் பார்த்து விளங்கிக்கொள்ள அந்தப் பிள்ளைக்கு வழியே இல்லை. தாய் முன் வாங்கில் எழும்பி நின்றுவிட்டாள்.

போதகர் கேட்டு முடிக்க முதலே ஷாமினி சொன்னாள்: "ஓம். ஏற்றுக்கொள்ளுறன்."

சனம் சிரித்தது. மாப்பிள்ளைக்குக் காது சிவந்துவிட்டது. தாய் திரும்பவும் வாங்கில் இருந்துவிட்டாள்.

வெளியில் மாப்பிள்ளையின் பெரியம்மா மணமகளின் கன்னத்தைத் திருப்பிப் பார்த்தா. "உதென்ன பிள்ளை, காதிலை?"

"காது மெஷின், பெரியம்மா. பூ நெல்லியடியிலை செய்தது."

"வடிவாய்க் கிடக்கு" என்று சொல்லிவிட்டு அந்த மனுசி சாப்பாட்டுப் பக்கம் போய்விட்டா. கதை கட்ட அதில் ஒன்றும் மிஞ்சவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கிளேயின் குணத்தை ஒரு மாதத்தில் படிக்கலாம். நகையைப் போடப்போகிறவளிடம் நேரே கேட்கப் பழகுங்கள். கூட வந்தவர்கள் சத்தமாகக் கதைப்பார்கள். அதை நகைக்கான ஓடராக எடுக்காதீர்கள். இப்போதும் மெஷினை மறைக்கக் கேட்டு வருகிறார்கள். முதலில் பிள்ளையை இருத்தி, மாதிரிப் பூக்களை மாட்டி, பின்னால் நின்று ஒரு கேள்வி கேட்கிறேன். எந்தப் பூவோடு அவளுக்குக் கேட்கிறதோ அதைத்தான் செய்து கொடுக்கிறேன். பிடிக்காதவர்கள் வேறு கடை பார்க்கலாம்.