பூபாலன் புத்தகம் தேர்ந்தெடுத்த கதை

என் வீட்டுக்காரர் பூபாலன், மறைமலைநகரில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் பதினாறு வருடமாக இரும்புத் தகடு தூக்கியவர். முதுகெலும்பு தேய்ந்துவிட்டது, இனியும் தூக்கினால் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். நல்லவேளை, கம்பெனியே ஒரு வழி காட்டியது. பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியைப் படித்துப் பரீட்சையில் தேறினால் உட்கார்ந்து பார்க்கிற வேலை. எந்தப் புத்தகம் வேண்டும் என்று படிவத்தில் எழுதிக் கொடுத்தால் அதையும் வாங்கித் தருவார்கள். ஆளுக்கு ஒன்றுதான்.

அந்த ஒன்றுதான் என் உயிரை வாங்கியது.

படிவம் கொடுக்க ஒரு மாதம் அவகாசம். கம்பெனி பஸ்ஸில் ஏறினால் சீட்டுக்கு ஒரு யோசனை. கலையரசன் சொன்னது ரொம்ப குண்டு. ராமதாஸ் சொன்னது பழைய பதிப்பு. அணுபுரத்திலிருந்து என் அண்ணன் ஏசுதாஸ் போன் போட்டு, "மச்சான், தமிழ்லயே ஒண்ணு கீது, அத்த வாங்கு" என்றார். தமிழில் படித்துவிட்டு இங்கிலீஷ் கேள்விக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று இவருக்கு அடுத்த கவலை பிடித்துக்கொண்டது. சாயங்காலமானால் முதுகுக்கு வெந்நீர்ப் பை, கையில் போன், புத்தக விமர்சன வீடியோ, பக்கத்தில் நீண்டுகொண்டே போகும் புத்தகப் பட்டியல். படிவம் சட்டைப் பையில் வியர்வையில் ஊறியது.

"இன்னாய்யா, நீ புக்கு பாக்குறியா, பொண்ணு பாக்குறியா?"

"சும்மா இரு ஹெலன். தப்பான புக்க எட்த்துட்டா எல்லாம் பூடும்."

"உன் முதுகே பூட்ச்சே, அது தெர்லியா?" சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

கடைசி நாள் காலை. தெருமுனையில் பஸ் ஹாரன் அடிக்கிறது. இந்த மனுஷன் வாயில் பிரஷ்ஷோடு, இரண்டு பெயரைச் சொல்லி எது தேவலை என்று என்னிடம் கேட்கிறார்! படிவத்தைப் பிடுங்கி, அவர் பட்டியலிலிருந்து ஒரு பெயரை எழுதி, கையில் திணித்துத் துரத்தினேன்.

புத்தகம் வந்தது. அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. "இதெல்லாம் ஒரு புக்கா?" என்று, அதிலுள்ள தப்பை எனக்குக் காட்டுவதற்காகவே பென்சிலும் கையுமாக உட்கார்ந்தார். ஒவ்வொரு பயிற்சியையும் மகளின் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தார். கடைசிப் பக்கம் வரைக்கும் விடவில்லை. அகப்பட்டது மூன்றே மூன்று அச்சுப்பிழை.

பரீட்சையில் தேறிவிட்டார். இப்போது நாற்காலியில் சாய்ந்து வேலை பார்க்கிறார், முதுகு வலி என்று முனகுவதில்லை. போன வாரம்தான் கேட்டார்.

"ஆமா, அத்தினி புக்குல அத்த எப்டி செலக்ட் பண்ண?"

"ஃபாரத்துல கட்டம் சின்னதுய்யா. அந்தப் பேருதான் உள்ள அடங்கிச்சு."