ஆலைச் சங்கின் சுதி

பெர்மாஸ் ஜெயா வீட்டில் பேரன் கைப்பேசியைப் பார்த்துக் கித்தாருக்குச் சுதி சேர்க்கும்போதெல்லாம் சிம்பாங் ரெங்கம் ரப்பர்த் தோட்டத்தில் வேலைக்கு அழைக்கும் ஆலைச் சங்கு என் காதில் ஊதுகிறது. அண்ணன் ஐந்தாம் கம்பியை அந்தச் சங்கோடு சேர்த்துவிட்டு, ஆறாம் கம்பியை ஐந்தாம் கட்டத்தில் அழுத்தி அதனோடு ஒப்பிட்டு, அப்படியே மற்றக் கம்பிகளையும் முறை தவறாமல் முறுக்குவான். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் அதுதான் சுதி.

குளுவாங் வாத்தியக் குழுவில் இடம் கேட்டுப் போனபோது, தலைவர் ஆர்மோனியத்தை அழுத்திக்காட்டிச் சிரித்தார்; சங்கின் சுதி அதைவிடத் தாழ்ந்திருந்தது. "என்னா தம்பி, ஒன் கித்தாரு இன்னும் தூங்குதா? சுதிய ஏத்துலா!"

ஏற்றினான். துருப்பிடித்த கம்பிகள் இரண்டு அறுந்தன. மாற்றுக் கம்பி இல்லை, இடமும் இல்லை.

மறுநாள் அதே சங்கு ஊத, ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டப் போனான். சாகும்வரை போனான்.

தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. சங்கை ஒருவழியாக நிறுத்திவிட்டார்கள்.