போற கதையும் வர்ற கதையும்

எங்கள் வீட்டில் ஒரு கரடிக் கதை உண்டு. பலாப்பழம் தின்ன வந்த கரடிக்குத் தாடியெல்லாம் பிசின் ஒட்டிக்கொண்டு, வாயைத் திறக்க முடியாமல் காட்டுக்குள் ஓடிப்போன கதை. அவ்வளவுதான், பெரிய கதை ஒன்றும் இல்லை. ஆனால் அதை நாங்கள் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லுவோம். கேட்கிறவள் ஒருத்திதான். அவளுக்குக் காது கேட்காது.

அவள் என் சின்ன மகள். பிறந்ததிலிருந்தே அப்படி. காது கேட்காததால் பேச்சும் வரவில்லை. ஆனால் கதை என்றால், பிள்ளைகளே, அவளும் உங்களைப் போலத்தான், வேலை செய்கிறவர்கள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிடுவாள்.

பெரிய மகள் நடித்துச் சொல்லுவாள். அப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. கையையும் காலையும் ஊன்றி நடந்து, கன்னமெல்லாம் கூழைத் தடவிக்கொண்டு, வாய் ஒட்டிக்கொண்ட மாதிரி "உம்ம்ம்" என்று கத்துவாள்.

"ஏன்டி, அவளுக்குத்தான் கேக்காதே, நீ இன்னாத்துக்குக் கத்துற?" என்பாள் அவள் அம்மா.

"கத்தலன்னா எனக்கே கரடி மாரி இல்லம்மா."

நான் படம் போட்டுச் சொல்லுவேன். எனக்கு ஜீப் ஓட்டுகிற வேலை. மலைமேல் இருக்கிற எங்கள் புதூர்நாட்டிலிருந்து கீழே திருப்பத்தூருக்கு ஆளையும் மூட்டையும் ஏற்றிக்கொண்டு இறங்குவேன், மறுபடி ஏறுவேன். மலை ரோட்டுப் புழுதி ஜீப்பின் பின்கண்ணாடியில் மாவு மாதிரி படிந்திருக்கும். அதில் விரலால் வரைவேன். எட்டாவது வரைக்கும்தான் படித்தேன், படம் வரைய யாரும் சொல்லித் தரவில்லை. என் கரடி பன்றி மாதிரி இருக்கும்.

"அப்பா, இது பன்னி" என்பாள் பெரியவள்.

"பன்னிக்கு ஏதுடி தாடி?"

"அதான் நானும் கேக்கறேன்."

ஜீப்பில் ஏறுகிறவர்களும் விட மாட்டார்கள். "இன்னாப்பா, கண்ணாடி பூரா ஒரே பன்னியா கீது?" என்பார்கள். கழுவச் சொன்னாலும் நான் கழுவ மாட்டேன். மறுநாள் கதைக்குப் புழுதி வேண்டுமே.

என் மனைவி பாடுவாள். காது கேட்காத பிள்ளைக்குப் பாட்டா என்று கேட்பீர்கள். புளி தட்டுகிற மாதங்களில் எங்கள் வாசலில் புளி குவிந்து கிடக்கும். ஓட்டை உடைத்துக் கொட்டையை எடுக்க, கல்லின்மேல் வைத்துக் கட்டையால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தட்டுக்குத் தகுந்த மாதிரி அவளே பாட்டுக் கட்டுவாள்.

"கரடி வந்துச்சாம் கரடி, எங்க
பலா மரத்துக்குக் கரடி.
சொளைய தின்னுச்சாம் சொளைய, அதும்
தாடி பூராவும் பிசினு."

சின்னவள் பின்னால் போய் உட்கார்ந்து, அம்மாவின் முதுகில் கன்னத்தை அழுத்திக்கொள்வாள். பாட்டு முதுகு வழியாக அவளுக்குப் போகும். கரடி ஓடுகிற இடத்தில் பாட்டும் ஓடும். சரியாக அந்த இடத்தில் சிரிப்பாள். எப்படி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஒரு நாள் நானும் முதுகைக் காட்டிக்கொண்டு பாடிப் பார்த்தேன். கன்னத்தை வைத்தாள், எடுத்துவிட்டாள்.

"காது கேக்காத புள்ளைக்கே உம் பாட்டு புடிக்கல பாரு மாமா" என்று என் மனைவி சிரித்த சிரிப்பில் கட்டை எங்கோ போய் விழுந்தது.

இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்க்க மலைக்கு ஒரு டீச்சரம்மா வந்து போவார்கள். சின்னவளுக்கு ஆறு வயதானபோது அவர்கள்தான் சொன்னார்கள். "உங்க பொண்ணுக்குப் புத்தி ரொம்ப ஜாஸ்திங்க. உள்ள இருக்கறத சொல்ல ஒரு பாஷைதான் இல்ல. கையால பேசுற பாஷைய சொல்லிக் குடுக்கற ஸ்கூல் கீழ இருக்குது. அங்கியே தங்கிப் படிக்கணும். லீவுக்கு வூட்டுக்குக் கூட்டினு வந்துக்கலாம்."

டீச்சரம்மா போனபிறகு என் மனைவி வெகுநேரம் புளியைத் தட்டவே இல்லை. அப்புறம் சொன்னாள். "அனுப்பலாம் மாமா. படிக்கட்டும். ஆனா நாம தள்ளி உட்டுட்டோம்னு நெனைச்சிட்டா?"

பிள்ளைகளே, உங்களிடம் "லீவுக்கு வந்து கூப்பிட்டுக்கிறோம்" என்று சொன்னால் போதும். நீங்கள் அழுதாலும் விஷயம் புரிந்துவிடும். அவளிடம் லீவு என்ற சொல் இல்லை. நாளைக்கு என்ற சொல் இல்லை. திரும்ப வருவோம் என்பதைச் சொல் இல்லாமல் எப்படிச் சொல்லுவது? அது ஒன்றுதான் எங்கள் மனதைப் போட்டு அரித்தது.

நான் வரைந்து சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைத் தூக்கி நிறுத்திவைத்துக் கண்ணாடியில் போட்டேன். மலைமேல் எங்கள் வீடு. ஜீப். ஜீப்புக்குள் அவள். வளைந்து வளைந்து ரோடு. கீழே பெரிய பள்ளிக்கூடம், நிறையப் பிள்ளைகள். எல்லாவற்றையும் விரல் வைத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்து, ஜீப் மலையேறி வருவதைப் போட்டேன். அதில் நான் மட்டும் இருந்தேன்.

அவள் சிரிப்பு நின்றது. அந்த ஜீப்பையே பார்த்தாள். உள்ளே அவளைத் தேடினாள். பிறகு மெதுவாகப் பின்பக்கம் ஆட்டுக் கொட்டகைக்குப் போனாள். வரும்போது கையில் ஒரு கயிறு இருந்தது. அதைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

அந்த வருஷம் பொங்கலுக்கு முன்னால் அவள் பின்னாலேயே சுற்றிய வெள்ளாட்டை நான் ஜீப்பில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோனேன். திரும்பி வரும்போது ஜீப்பில் கயிறு மட்டும்தான் இருந்தது.

எங்கள் மலையில் ஜீப் ஏறிக் கீழே போகிற எதுவும் திரும்பி வருவதில்லை. புளி போகும், பலா போகும், சாமை மூட்டை போகும், ஆடு போகும். ஜீப் காலியாக வரும். அவள் பிறந்ததிலிருந்து கண்ணால் பார்த்து வைத்திருந்த கதை அது. அதையே நானும் வரைந்து காட்டிவிட்டேன்.

அவள் ஓடிப்போய்ப் புளி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

"போற கதைய மட்டும் போட்டுட்டியே மாமா" என்றாள் என் மனைவி. "வர்ற கதை எங்க?"

"அடுத்து அதான்மே போட இருந்தேன். கண்ணாடில எடம் இல்ல."

அந்தப் படத்தைத் துடைத்துவிட்டு, ஜீப்பின் பக்கக் கண்ணாடியில் வர்ற கதையையும் போட்டேன். ஜீப்பில் அவள் சிரித்துக்கொண்டு வருகிற மாதிரி. அவளைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினேன். உள்ளங்கையால் ஒரே தேய்ப்பு. அவள் மேல் தப்பில்லை. படத்தில் யாரை வேண்டுமானாலும் ஏற்றிவிடலாம். ஆடு வரவில்லையே.

மறுநாள் முழுக்க அவள் ஜீப் பக்கமே வரவில்லை. ராத்திரி பெரியவள்தான் சாப்பிட்டுக்கொண்டே திடீரென்று சொன்னாள். "அப்ப நான் போறேன்."

"எங்கடி போற?"

"அத்த வூட்டுக்கு. நான் போய்ட்டு ரெண்டு நாள் இருந்துட்டு வர்றேன். நான் போறத அவ பாக்கட்டும். வர்றதையும் பாக்கட்டும்."

என் தங்கை வீடு திருப்பத்தூரில் இருந்தது. ஆனால் பெரியவள் அதுவரைக்கும் அம்மாவை விட்டு ஒரு நாள் தங்கியதில்லை. அவள் அம்மா, "நீ அழுவாம இருப்பியாடி?" என்று கேட்டாள்.

"அழுவேன். அழுதுட்டு இருப்பேன்."

காலையில் கண்ணாடியில் ஜீப்பையும், அதற்குள் ரெட்டை ஜடையோடு பெரியவளையும் போட்டேன். சின்னவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிறகு பெரியவள் நிஜமாகவே பையை எடுத்துக்கொண்டு ஏறினாள். சின்னவள் வளைவு வரைக்கும் ஜீப் பின்னாலேயே ஓடிவந்ததை சைடு மிரரில் பார்த்துக்கொண்டே போனேன். அன்றைக்கு வண்டி ஓட்டியது மாதிரியே இல்லை.

சாயங்காலம் நான் தனியாக வந்தேன். ஜீப்புக்குள் ஏறி சீட்டுக்கு அடியில்கூடத் தேடினாள். அதற்குமேல் என்னைப் பார்க்கவில்லை. நான் ஊட்டிய சோற்றை வாங்கவில்லை. அம்மா பாடினாள். முதுகில் சாய்ந்துகொண்டாள், ஆனால் கரடி ஓடுகிற இடத்தில் சிரிக்கவில்லை. சிக்னல் கிடைக்கிற பாறைக்குத் தூக்கிக்கொண்டு போய் வீடியோ காலில் அக்காவைக் காட்டினோம். போனைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். அங்கே அக்கா இல்லை என்றதும் போனை என் மடியில் போட்டுவிட்டாள்.

இது வேண்டாத வேலை என்றுகூட நினைத்தேன். என் மனைவிதான், "ஆரம்பிச்சிட்டோம், முடிச்சிடலாம்" என்றாள்.

சொன்னபடி ரெண்டு நாள் கழித்துப் பெரியவளை ஏற்றிக்கொண்டு மலையேறினேன். ஜீப் நின்றது. பெரியவள் குதித்தாள். சின்னவள் ஓடிவந்தாள், பக்கத்தில் வந்ததும் நின்றாள். அக்காவின் கையை மோந்து பார்த்தாள். ஜடையை இழுத்துப் பார்த்தாள். அப்புறம் ஓங்கி ஒரு அடி கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் கட்டிக்கொண்டாள்.

"அத்த வூட்ல கொசு கடி, இங்க வந்தா இவ அடி" என்று பெரியவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பார்க்கிறேன், சின்னவள் ஜீப்பின் பின்னால் எக்கி நின்று, கண்ணாடியில் விரலை வைத்து ஏதோ செய்துகொண்டிருந்தாள். ஒரு பெட்டி. அதற்குக் கீழே வட்டங்கள். பெட்டிக்குள் ஒரு தலை, ரெண்டு ஜடை. அவள் வரைந்த முதல் படம் அது. மலை எந்தப் பக்கம், ஜீப் எந்தப் பக்கம் போகிறது என்றெல்லாம் தெரியவில்லை. ஆனால் வர்ற ஜீப் அது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது.

அப்புறம் என் மனைவி ஒரு நாள் போய்த் தங்கிவிட்டு வந்தாள். பெரியவள் மறுபடி போய் வந்தாள். ஒவ்வொரு தடவையும் போற படம், வர்ற படம். சின்னவள் ஓடிவருகிற தூரம் குறைந்தது. கடைசியில் வாசலிலேயே நின்று கையை ஆட்டினாள்.

பள்ளிக்கூடம் திறக்கிற நாளில் அவளே ஏறினாள். ஆனால் அம்மாவின் முந்தானையைக் கையில் சுற்றி வைத்திருந்தாள்.

அங்கே வராந்தாவில் நிறையக் குடும்பங்கள். எல்லாப் பிள்ளைகளும் அழுதன. சின்னவள் அழவில்லை. அம்மாவுக்குப் பின்னால் போய் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். என் மனைவி கூச்சக்காரி. கல்யாண வீட்டில்கூட வாய் திறக்க மாட்டாள். அன்றைக்கு அத்தனை பேருக்கு நடுவில், அந்த சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, தொடையில் தட்டிக்கொண்டு கரடிப் பாட்டைப் பாடினாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை. முடிந்ததும் சின்னவள் தானாக முந்தானையை விட்டாள். பிள்ளைகள் தங்குகிற விடுதியைப் பார்த்துக்கொள்ளும் வார்டனம்மா கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

நான் சாவியைப் போட்டுவிட்டு வண்டியை எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். "எடு மாமா" என்று என் மனைவிதான் சொன்னாள்.

வாரத்துக்கு ஒரு தடவை வார்டனம்மா வீடியோ காலில் காட்டுவார்கள். சின்னவள் கையால் என்னென்னவோ சொல்லுவாள். எங்களுக்குப் பாதிகூடப் புரியாது. நன்றாக இருக்கிறாள் என்பது முகத்தில் தெரியும். ஆனாலும் ஒரு கேள்வி உள்ளே இருந்துகொண்டே இருந்தது. அக்கா போய் வந்ததைப் பார்த்தாள், அம்மா போய் வந்ததைப் பார்த்தாள். தன்னைத் தேடி நாங்கள் வருவோம் என்று நம்புகிறாளா, இல்லை அந்த இடத்துக்குப் பழகிவிட்டாளா?

காலாண்டு லீவு விட்ட அன்று காலையிலேயே மூவரும் கிளம்பினோம். முந்தின நாள் நல்ல மழை. பாதி மலை இறங்கியதும் ரோட்டுக்குக் குறுக்கே பெரிய மரம் விழுந்து கிடந்தது. அந்த இடத்தில் போனும் எடுக்காது. கீழேயிருந்து ஆள் வந்து ரம்பம் போட்டு அறுத்து வழி விடும்போது பொழுது சாயத் தொடங்கிவிட்டது. மற்ற பிள்ளைகளை எல்லாம் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். வாசலைப் பார்த்துப் பார்த்து அவள் என்ன ஆகியிருப்பாளோ.

பள்ளிக்கூடத்து வாசலில் வார்டனம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எதிரில் சின்னவள் நின்றுகொண்டு ரெண்டு கையாலும் வேகவேகமாக எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். எங்களைக் கவனிக்கவில்லை. வார்டனம்மா எங்களைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்கள்.

"வாங்க வாங்க. மதியத்துலர்ந்து எனக்குக் கதை சொல்லினு கீறா. அப்பா ஜீப்பு பஞ்சராம். நடு ரோட்ல உக்காந்து டயர கழட்றாராம். அம்மா இடுப்புல கை வச்சினு திட்டறாங்களாம். அக்கா பின்னால இருந்து தள்றாளாம், விழுந்து விழுந்து எழுந்துக்கறாளாம். ஒவ்வொரு தடவ சொல்லும்போதும் நீங்க இன்னும் கொஞ்சம் கிட்ட வந்துடறீங்க."

என் மனைவி கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

அதற்குள் சின்னவள் திரும்பினாள். ஓடிவந்து அம்மாவைக் கட்டினாள், அக்காவைக் கட்டினாள். அப்புறம் நேராக ஜீப்புக்குப் போய்க் குனிந்து ஒவ்வொரு டயராகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் நன்றாக இருந்தன. நிமிர்ந்து, அப்புறம் ஏன் இவ்வளவு லேட் என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

"மரம் வுழுந்து கெடந்துச்சுன்னு கையால எப்படிங்க சொல்றது?" என்று வார்டனம்மாவைக் கேட்டேன்.

அவர்கள் செய்து காட்டினார்கள். முழங்கையை மடக்கி ஒரு கையை நேராக மேலே நிறுத்தி, விரல்களை விரித்தால் மரம். அதை அப்படியே சாய்த்தால் விழுந்தது. நானும் செய்தேன். சின்னவளுக்குப் புரியவில்லை. மறுபடி செய்தேன். அவள் பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்து நேராக நிறுத்தினாள். மூடிக்கிடந்த என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நன்றாக விரித்துவிட்டாள். ஒரு அடி பின்னால் போய் நின்று, இப்போது சொல்லு என்று தலையை ஆட்டினாள்.