போகிற வாசலில் பொட்டு

"குனிங்கண்ணே" என்கிறாள் மோகனா.

அந்த உயரமான மனிதர் சிரித்துக்கொண்டே குனிகிறார். நெற்றியில் சந்தனம் வைக்க அவள் எடுத்துக்கொள்ளும் நேரம் கொஞ்சம் அதிகம். அதற்குள் அவர் ஒரு முறை மூச்சு விட்டாக வேண்டும். அது போதும். ஏலக்காயோ புதினா மிட்டாயோ, எதை மென்றிருந்தாலும் அதன் அடியில் இருப்பது அவள் மூக்குக்கு எட்டிவிடும். எட்டினால் சந்தனத்தின் நடுவே குங்குமம். எட்டாவிட்டால் சந்தனத்தோடு சரி. பிறகு கையில் ஒரு டோர் கிஃப்ட்.

கல்யாண விருந்து முடிந்து கிளம்புகிறவர்களுக்குக் கொடுக்கும் சின்னப் பெட்டிக்குப் பினாங்கில் அதுதான் பெயர். லட்டு, முறுக்கு, மணமக்கள் பெயர் அச்சடித்த ரிப்பன். டத்தோ கிராமாட்டில் தன் அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்து மோகனா அவற்றைச் செய்கிறாள். இந்தத் தொழிலில் மற்றவர்கள் பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டுப் போய்விடுவார்கள். இவள் மட்டும் கடைசிவரை வாசலில் நின்று தன் கையால் கொடுப்பாள். வரவேற்பில் அவளை நிற்க விடமாட்டார்கள். கணவனை இழந்தவள், வெறும் நெற்றி. போகிற வாசலை யார் கவனிக்கிறார்கள்?

"வரும்போது வைக்கிற பொட்ட போகும்போது வைக்கிற ஆளு நீ ஒருத்திதான்லா" என்று சமையல்கட்டிலிருந்து சின்னம்மா கேலி செய்வார்.

"வரும்போது எல்லாரும் நல்லாத்தான் வராங்க சின்னம்மா."

பெண்கள் கிண்ணத்திலிருந்து தாங்களே எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். ஆண்கள்தான் குனிய வேண்டும். "நான் கிறிஸ்டியன்க்கா" என்று ஒருவர் பின்வாங்குகிறார். "சந்தனம் வாசனைக்குத்தான், குனிங்க" என்கிறாள். மாப்பிள்ளையின் சீன முதலாளி சந்தோஷமாகக் குனிந்து, பொட்டோடு படமும் எடுத்துக்கொள்கிறார். அவருக்குக் குங்குமம், கொஞ்சம் பெரிதாகவே.

மண்டபத்துக்குள் மது கிடையாது. அது வெளியே, கார்களுக்கு நடுவில் நடக்கும். இடம் குறைவு என்பதால் கார்கள் ஒன்றையொன்று அடைத்து நிற்கும். வருகிறவர்கள் ஐஸ் பெட்டியை இறக்கிக்கொண்டு சாவியை, கார்களை நிறுத்தி எடுக்கும் இர்வானிடம் கொடுத்துவிட வேண்டும். வாசலுக்கு நேர் எதிரே வேலியோரம், ஒரு பிஸ்கட் டின் நிறையச் சாவிகளோடு அவன் உட்கார்ந்திருப்பான். சந்தனத்தோடு வருகிறவருக்கு உடனே சாவி. குங்குமத்தோடு வருகிறவருக்கு, "பின்னாடி கார்க்காரரு இன்னும் சாப்புடறாரு அண்ணே, உக்காருங்க, தே தண்ணி குடிங்க." அதற்குள் அந்த ஆளின் மனைவியையோ வாடகைக் காரையோ தேடிப் பிடித்துவிடுவான். ஒருவர் விஷயம் புரிந்து அவன் கன்னத்தில் அறைந்திருக்கிறார். "சாவியக் குடுக்கலல்ல, அப்புறம் என்னா" என்றான் மோகனாவிடம், கன்னத்தைத் தடவியபடி.

ஆரம்பத்தில் தலையசைப்புத்தான் இருவருக்கும் அடையாளம். ஒருநாள் அவள் 'வேண்டாம்' என்று ஆட்டிய தலையை அவன் 'சரி' என்று எடுத்துக்கொண்டான். நம் ஆட்கள் தலையாட்டுவது அப்படி. அந்தக் கார் தெருமுனை தாண்டவில்லை, விளக்குக் கம்பத்தில் ஏறி நின்றது. யாருக்கும் உயிர் போகவில்லை. அன்றிலிருந்து நிறம் மட்டும்.

கோயிலில் ஒரு போலீஸ் சார்ஜன் வந்து பேசியபோது மோகனா எழுந்து கேள்வி கேட்டாள். "ராத்திரி ரோட்பிளாக் போட்டு ஊதச் சொல்றோம்மா. இப்ப சட்டம் ரொம்ப கடுமை, உள்ளதான்" என்று அவர் சொல்லி முடித்திருந்தார்.

"பகல்ல, சார்?"

"பகல்லயும் உண்டும்மா. அதுக்காக எல்லா வாசல்லயும் நாங்க நிக்க முடியுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். மோகனா சிரிக்கவில்லை.

அவள் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியான விருந்திலிருந்துதான் கிளம்பினார். "ரெண்டு கிளாஸ்தான். வெளிச்சமாத்தான இருக்கு" என்றார். ஜெலுத்தோங் பக்கம் எதிரே மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பையனும் அவரும் ஒரே இடத்தில் போனார்கள். ஆஸ்பத்திரி நடையில் அந்தப் பையனின் தாய் மோகனாவை நிமிர்ந்து பார்த்தாள். அதன்பின் மோகனாவுக்கு எந்த விருந்தும் விருந்து முடிந்த உடன் முடிவதில்லை. வீட்டில் ரிப்பன் கட்டும்போது ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் விரல்கள் நின்றுவிடும். அன்று குனிந்த நெற்றிகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பாள். யாரையாவது விட்டுவிட்டேனா? தொலைபேசி அடித்தால் முதல் முறை எடுக்கமாட்டாள்.

இன்று வரிசையில் அவள் தம்பி குணாளன் வருகிறான். தோளில் மகள் ரூபினி தூங்குகிறாள். அவன் மனைவி மணப்பெண்ணின் பெட்டிகளோடு முன்னாலேயே போய்விட்டாள்.

"குனி தம்பி."

"எனக்கேவாக்கா? உன் ரோட்பிளாக்கு எனக்குத் தெரியாதா?"

சிரிக்கிறான். கிண்ணத்தில் விரலை விட்டு, பெண்கள் செய்வதுபோல், தானே சந்தனத்தை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்கிறான். "ஆச்சு. நான் பாஸ்."

ஏலக்காயின் அடியில் இருந்தது அவளை எட்டிவிட்டது.

"பிள்ளைய எங்கிட்ட குடு. நீ அப்புறமா வா."

"தூங்குறாக்கா, எழுப்பாத."

"குணா, குடிச்சிருக்க."

"மெதுவா பேசேன். மாமனாரு பின்னாடியே நிக்கிறாரு, மானத்த வாங்காத. பட்டப்பகல்ல போறேன், இந்தா இருக்கு வீடு."

போய்விட்டான். அவள் ஓர் அடி எடுத்து வைக்கிறாள். அவன் மாமனாரும் மணமகன் வீட்டாரும் வாசலை அடைத்து நிற்கிறார்கள். "இர்வான்! இர்வான்!" மணமக்கள் கிளம்புகிற நேரம், உருமி மேளம் எழுந்துவிட்டது. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

எதிரே வேலியோரம் இர்வான் சந்தன நெற்றியைப் பார்க்கிறான். டின்னுக்குள் கையை விட்டுத் துழாவிச் சாவியை எடுக்கிறான். குணாளன் குழந்தையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு கையை நீட்டுகிறான். சாவியைக் கொடுக்குமுன் இர்வான் வழக்கம்போல ஒருதரம் வாசலைப் பார்க்கிறான்.

மோகனா தலையை ஆட்டப்போகிறாள். உடனே நிறுத்திக்கொள்கிறாள்.

கட்டைவிரலைக் குங்குமத்தில் அழுத்தித் தன் வெறும் நெற்றியில் வைக்கிறாள். பக்கத்தில் யாரோ "ஐயோ" என்கிறார்கள். மாமனார் இரண்டடி விலகி நிற்கிறார். எதிரே, இர்வானின் கையில் சாவி அந்தரத்தில் நிற்கிறது. புரிந்ததா புரியவில்லையா தெரியவில்லை.

அவள் மறுபடி கிண்ணத்தைத் தொட்டு, இன்னும் பெரிதாக வைக்கிறாள்.